ஓணச் சத்யாவை விலைக்கு வாங்கலாமா?

ஆவணி பிறந்துவிட்டால் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை சாலையோர உணவகங்களின் முகப்பில் ஓணச் சத்யாவுக்கு, அதாவது இலையில் பல கறிகளோடு பரிமாறும் ஓண விருந்துக்கு, முன்பதிவு செய்துகொள்ளச் சொல்லும் பலகைகள் வரிசையாக ஏறிவிடும். ஒரு ஆளுக்கு இவ்வளவு, ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு இவ்வளவு, கறிகள் இத்தனை வகை, பாயசம் இரண்டு, இலையும் சேர்த்து என்று அவற்றில் எழுதியிருக்கும். திருவனந்தபுரத்தில் அறையெடுத்துத் தங்கி வேலை பார்ப்பவர்களுக்கான ஏற்பாடு என்று முன்பெல்லாம் நாங்கள் நினைத்திருந்த இந்த வழக்கம், இப்போது விளவங்கோட்டுக் கிராமங்களிலும், பெரிய அடுக்களையும் உருளி என்ற வாயகன்ற பாத்திரமும் உள்ள வீடுகளிலும் நுழைந்துவிட்டது. அதைப் பற்றிப் பேசும்போது ஒரு சாரார் வீண் செலவு என்கிறார்கள். மற்றொரு சாரார், கொடுக்கிற காசுக்கு நிம்மதி கிடைக்கிறது என்கிறார்கள். இரு சாராருமே கணக்கைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். கணக்குப் பாடம் நடத்துகிறவள் என்பதால் அதை முழுவதும் போட்டுப் பார்க்க விரும்பினேன்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு இணைந்தன. எல்லைக் கோடு மாறியதே தவிர அடுக்களை மாறவில்லை. திருவோணத்துக்கு எங்கள் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை உண்டு. தமிழ் பேசும் வீடுகளில் அத்தப்பூவும் உண்டு, அவியலும் உண்டு, அடைப்பிரதமன் என்ற பாயசமும் உண்டு.

இனி கணக்குக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 5 அன்று வந்த திருவோணத்துக்கு எங்கள் வீட்டில் எட்டுப் பேர். என் மாமி (கணவரின் அம்மா), நாங்கள் இருவர், எங்கள் பிள்ளைகள் இருவர், என் கணவரின் அண்ணன், அவருடைய மனைவி, அவர்கள் மகன். அந்த ஆண்டு தேங்காயும் தேங்காய் எண்ணெயும் விற்ற விலையை இங்குள்ள யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டிப் போயிருந்தது. காய்கறிக்கு ஏறத்தாழ 1,050 ரூபாய், தேங்காய்க்கு 350, எண்ணெய்க்கு 450, உப்பேரிக்கும் (நேந்திரங்காய் வறுவல்) சர்க்கரைப் புரட்டிக்குமாக (வெல்லப்பாகு பூசிய வறுவல்) 450, அடை (பாயசத்துக்கான அரிசிமாவுத் துண்டுகள்), சர்க்கரை (எங்கள் வழக்கில் வெல்லம்), பால், நெய், முந்திரி என்று இரண்டு பாயசத்துக்கும் சேர்த்து 750, அரிசி, பருப்பு, பயறு, தயிர் முதலியவற்றுக்கு 500, இலை, பப்படம், மட்டி வாழைப்பழம் ஆகியவற்றுக்கு 300. மொத்தம் 3,850 ரூபாய். எரிவாயுவை நான் சேர்க்கவில்லை. ஒரு இலைக்கு 480 ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. அதே நாளுக்கு நாங்கள் விசாரித்த ஒரு நடுத்தர உணவகத்தில் ஒரு ஆள் பார்சல் 350 ரூபாய். எட்டுப் பேருக்கு 2,800.

வீட்டில் சமைப்பதுதான் மலிவு என்று பிறந்தது முதல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். காரணம் எளிமையானது. சத்யா என்பது பல வகைகளில் ஒவ்வொன்றையும் சிறிதளவு பரிமாறும் விருந்து. ஓலன் என்ற கறிக்குத் தடியங்காயில் (வெண்பூசணி) ஒரு துண்டு போதும். கடைக்காரர் அதைவிடப் பெரிய துண்டைத்தான் வெட்டித் தருவார். சேனை எரிசேரிக்கும் காளனுக்கும் அவியலுக்கும் பகிர்ந்தது போகவும் மிஞ்சும். அன்னாசிப் பச்சடிக்கு எட்டுப் பேருக்கு அரைப் பழம் வேண்டும். முழுப் பழத்தைத்தான் வாங்க முடியும். ஐந்நூறு இலைக்குச் சமைக்கிறவரிடம் இந்த மிச்சம் எதுவும் கிடையாது. அவர் சேனையை மொத்த விலைக்கு எடுத்து ஒரு துண்டு வீணாகாமல் உருளியில் சேர்த்துவிடுகிறார். போதாக்குறைக்கு, ஓணத்துக்கு முந்தைய வாரத்தில் எங்கள் சந்தைகளில் காய்கறி விலை ஏறுவது வழக்கம். நாகர்கோவில் வடசேரியிலிருந்தும், தென்காசிப் பக்கத்துப் பாவூர்சத்திரத்திலிருந்தும் கேரளத்துக்கு லாரிகள் போகிற காலம் அது. சில்லறையாக வாங்கும் வீட்டுக்காரர்தான் அந்த ஏற்றத்தை முழுவதும் சுமக்கிறார்.

நியாயமாகப் பார்த்தால் வீட்டுச் சமையலின் பக்கமும் கொஞ்சம் வரவு வைக்க வேண்டும். மறுநாள் காலை வரை எங்களுக்குச் சாம்பாரும் எரிசேரியும் இருந்தன. உப்பேரி அந்த வாரம் முழுவதும் இருந்தது. எண்ணெயிலும் சர்க்கரையிலும் மீதம் இருந்தது. இவற்றுக்கு 800 ரூபாய் கழித்தாலும் 3,050 வருகிறது. அதாவது எட்டுப் பேர் உள்ள வீட்டுக்கு வாங்கினாலும் சமைத்தாலும் பணம் ஏறத்தாழ ஒன்றுதான். மூன்று, நான்கு பேர் உள்ள வீட்டுக்கு வாங்குவது தெளிவாகவே மலிவு. குடும்பம் முழுவதும் பூர்வீக வீடான தறவாட்டில் கூடி இருபது, இருபத்தைந்து பேர் உண்ணும் இடத்தில் நிலைமை தலைகீழாகும். காய்கறிச் செலவு ஆள் எண்ணிக்கையின் வேகத்தில் ஏறாது, பார்சல் விலை மட்டும் ஆளுக்கு ஆள் அப்படியே ஏறும். ஆகவே விலை அதிகம் என்று சொல்லி இந்த வாதத்தை முடித்துவிட முடியாது. காணம் (சொத்து) விற்றும் ஓணம் உண்ண வேண்டும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். காணத்தை விற்க வேண்டிய அளவுக்கு இன்று வித்தியாசம் இல்லை.

நான் இதுவரை போட்ட கணக்கில் உழைப்புக்கு ஒரு ரூபாய்கூட எழுதவில்லை. எங்கள் ஊரில் வீட்டுச் சமையல் மலிவு என்று சொல்லும் எவரும் எழுதுவதில்லை. திருவோணத்துக்கு முந்தைய நாளான உத்திராடத்தன்று மாலை தொடங்குகிற வேலை அது. இஞ்சியைத் தோல் சீவிப் பொடியாக நறுக்க வேண்டும், பத்துத் தேங்காய் உடைத்துத் துருவ வேண்டும், அதில் பாதியை அரைத்துப் பிழிந்து முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிரித்து வைக்க வேண்டும், அவியலுக்கான காய்களை ஒரே அளவில் நீளமாக அரிய வேண்டும், வன்பயற்றை ஊற வைக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்கு முன்பு அடுக்களை விளக்கு அணைந்த ஓணம் எனக்கு நினைவில்லை. மறுநாள் விடியுமுன் எழுந்து அடுப்பேற்றினால் பன்னிரண்டரை மணிக்கு இலை போடலாம். அதன் பிறகு பரிமாற வேண்டும். எல்லோரும் எழுந்த பிறகு உருளி கழுவ வேண்டும். சமைத்தவர்கள் உட்காரும்போது பப்படம் நமுத்திருக்கும், பசியும் போயிருக்கும்.

இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களையும், அந்த வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடங்களையும் அதில் செலவிட்டார்கள். அது சாதாரண நாள்களையும் உள்ளடக்கிய சராசரி. ஓணத்தன்று எங்கள் தெருவில் மட்டும் கணக்கெடுத்தால் அந்த இடைவெளி எவ்வளவாக இருக்கும் என்பதை ஒவ்வொரு வீட்டு அடுக்களையும் சொல்லும். ஓணத்தின் இன்பமே கூடிச் சமைப்பதில் இருக்கிறது என்பவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. கூடிச் சமைக்கிற வீடுகளில் அது உண்மையும்கூட. ஆனால் பல வீடுகளில் ஒருவரோ இருவரோ நின்று சமைக்க, மற்றவர்கள் கூடி உண்கிறார்கள். அந்த வீடுகளில் பார்சல் வாங்குவதைச் சோம்பல் என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சைத் தொடங்கியவர் என் மாமிதான். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓணம் சமைத்தவர். "எனக்க கையி இனி தேங்கா திருவதுக்கு ஆவாது மக்களே. நீ ஒத்தைக்கு நின்னு கஷ்டப்படாண்டாம். எங்கயாவது சொல்லிப் போடு" என்றார். அவருடைய மகனான என் கணவர்தான் தயங்கினார். "அம்மா வச்ச பிரதமன் மாதிரி வருமா?" என்று கேட்டார். மாமி உடனே, "அந்தப் பிரதமனுக்கு மூணாம் பால நீ பிழிஞ்சு தருவியா?" என்று திருப்பிக் கேட்டார். கோபமில்லாமல் கேட்டார், ஆனால் விடையை எதிர்பார்த்துத்தான் கேட்டார். அந்த ஆண்டு தேங்காய் துருவியவர் என் கணவர்.

என் கணவருடைய கேள்வியிலும் நியாயம் உண்டு என்பதால் சுவையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சத்யாவில் பொதிந்து கொண்டுவந்தாலும் கெடாத கறிகள் உண்டு, கொண்டுவரவே கூடாத கறிகளும் உண்டு. இஞ்சிக்கறி முதல் வகை. தேங்காய் எண்ணெயில் கருகாமல் சிவக்க வறுத்த இஞ்சி, புளி, சர்க்கரை என்று அதில் சேர்வதெல்லாம் நாள்பட வைத்திருக்கத்தக்கவை. செய்த அன்றைவிட மறுநாள் அது இன்னும் நன்றாக இருக்கும். புளித்த கெட்டித் தயிரை வற்ற வற்றக் குறுக்கிச் செய்யும் காளனும் அப்படியே. வறுத்த தேங்காய் சேர்க்கிற எரிசேரியையும் கூட்டுக்கறியையும் மறுபடி சூடாக்கினால் குறையொன்றும் தெரியாது. நார்த்தங்காய், மாங்காய் ஊறுகாய்களைச் சொல்லவே வேண்டாம். உப்பேரியை இப்போதே பெரும்பாலான வீடுகள் கடையில்தான் வாங்குகின்றன. அதை யாரும் மரபு மீறல் என்று சொல்வதில்லை.

அவியல் இதற்கு நேர் எதிர். இறக்கிய பிறகு மேலே ஊற்றும் பச்சைத் தேங்காய் எண்ணெயின் மணமும், கிள்ளிப்போட்ட கறிவேப்பிலையின் மணமும் ஓரிரு மணி நேரத்துக்குமேல் நிற்பதில்லை. மூடிய டப்பாவில் அடைத்தால் காய்கள் தம் சூட்டிலேயே குழைந்து எல்லாம் ஒன்றாகிவிடுகின்றன. ஓலனில் கடைசியாகச் சேர்த்த தேங்காய்ப்பாலும் நெடுநேரம் தாங்காது. பயத்தங்காய்த் துவரன் (தேங்காய்ப் பொரியல்) நிறம் மாறிவிடும். பார்சலில் வரும் பப்படத்தைப் பற்றிப் பேச எதுவுமில்லை, அது பப்படமாகவே இருக்காது. சோற்றை வெளியிலிருந்து வாங்குவது எனக்கு எந்த வகையிலும் விளங்காத செயல். வேலை குறைவு, செலவு குறைவு, சூடு மட்டுமே அதன் சிறப்பு. பருப்பு வேக வைத்து நெய் ஊற்றுவதும் அப்படித்தான்.

அடைப்பிரதமன் இந்த இரு வகைகளுக்கும் நடுவில் நிற்கிறது. அடையை வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரைப் பாகிலும் நெய்யிலும் வரட்டி, மூன்றாம் பாலையும் இரண்டாம் பாலையும் ஊற்றிக் குறுக்கி, அடுப்பை அணைத்த பிறகு முதல் பாலைச் சேர்க்க வேண்டும். முதல் பால் கொதித்தால் திரிந்துவிடும். பார்சலில் வரும் பிரதமனில் முதல் பால் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். ஆறும்போது அடை பாலை உறிஞ்சிக் கட்டியாகியிருக்கும். சூடாக்கினால் திரியும், சூடாக்காவிட்டால் இலையில் ஓடாது. இதற்கு எங்கள் பக்கத்துக் கல்யாணச் சமையல்காரர் ஒருவர் சொன்ன வழி எனக்குப் பிடித்திருந்தது. இரண்டாம் பாலில் குறுக்கிய நிலையில் பிரதமனைத் தனியாகவும் முதல் பாலை வேறொரு பாத்திரத்திலும் தந்துவிடுவார். வீட்டில் பிரதமனைச் சூடாக்கி இறக்கி முதல் பாலைக் கலந்து, தேங்காய்க் கொத்தும் முந்திரியும் நெய்யில் வறுத்துப் போட்டால், அதில் மட்டிப்பழத்தைப் பிசைந்து உண்ணும்போது யார் வீட்டு உருளியில் வெந்தது என்று சொல்ல முடியாது. ஐம்பது ஆண்டுகள் பிரதமன் வைத்த என் மாமியே அதை இரண்டாம் முறை ஊற்றச் சொன்னார்.

சுவையைவிடக் கவலைப்பட வேண்டியது நேரம். பெரிய அளவில் ஓணப் பார்சல் செய்யும் இடங்களில் நள்ளிரவுக்குப் பிறகு அடுப்பேற்றி, விடியும்போது அடைத்து, காலை எட்டு மணி முதல் கொடுக்கத் தொடங்குகிறார்கள். வாங்கியவர் ஒரு மணிக்கு உண்பார். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது, சூடான உணவை 60 பாகை செல்சியசுக்கு மேலே வைத்திருக்க வேண்டும், குளிரூட்டுவதானால் 5 பாகைக்குக் கீழே கொண்டுபோக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் பொதுமக்களுக்குச் சொல்லும் அறிவுரை. தேங்காயும் தயிரும் சேர்ந்த கறிகள் ஆவணி மாதத்து ஈர வெப்பத்தில் ஐந்தாறு மணி நேரம் மூடிக் கிடப்பதை எந்தக் கணக்கிலும் சரி என்று சொல்ல முடியாது. ஒரு முறை எங்கள் உறவினர் வீட்டில் காலை ஏழரைக்கு வாங்கி வைத்த அவியலும் கிச்சடி என்ற தயிர்க்கறியும் உண்ணும் நேரத்தில் புளித்து நாறின. அன்று அவர்கள் பருப்பும் பப்படமும் உப்பேரியும் வைத்து ஓணம் உண்டார்கள். கொடுத்த காசுக்கு நிம்மதி என்ற வாதம் அந்த இலையில் தோற்றது. கொதிக்கிற சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அத்தகைய பைகளுக்குத் தடை உண்டு. தடை இல்லாவிட்டாலும் சூடான புளிக்கறியை அதில் ஊற்ற நான் சம்மதிக்க மாட்டேன். தூக்குவாளியோடு போனால் நல்ல சமையல்காரர் யாரும் மறுப்பதில்லை.

வகைகளின் எண்ணிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இருபத்து நான்கு வகை, இருபத்தெட்டு வகை என்று பலகைகளில் எழுதுவது விற்பனைக்கு உதவுகிறது. பார்சலைப் பிரித்தால் அதில் பல ஒரு கரண்டிகூட இருப்பதில்லை. பாயசம் ஒரு சிறு கிண்ணம். ஓணத்துக்கு இத்தனை கறி இருந்தே ஆக வேண்டும் என்று என் மாமியார் வீட்டிலும் அம்மா வீட்டிலும் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. பருப்பு, அவியல், ஒரு துவரன், எரிசேரி, புளிசேரி (மோர்க்கறி), இஞ்சிக்கறி, ஒரு பாயசம் ஆகியவற்றை நிறையச் சமைத்து மனம் நிறையப் பரிமாறிய ஓணங்கள்தாம் எங்கள் பெற்றோர் காலத்தில் பெரும்பாலும் நடந்தன. கையில் பணம் குறைவாக உள்ள வீட்டுக்கு என் பரிந்துரை இதுதான்: கடன் வாங்கிப் பார்சல் சொல்ல வேண்டாம், பட்டியலைக் குறையுங்கள். ஏழு கறி என்றால் செலவும் பாதியாகும், உத்திராட இரவின் வேலையும் பாதியாகும்.

யாரிடம் வாங்குகிறோம் என்பதும் எனக்கு முக்கியம். நாம் உறங்கும் உத்திராட இரவில் நமக்காக வேறொருவர் உறங்காமல் இருக்கிறார். அவர் வீட்டிலும் ஓணம் உண்டு. ஐந்நூறு இலைக்கு ஒரே இடத்தில் சமைப்பது, நூறு வீடுகளில் நூறு பெண்கள் நிற்பதைவிடக் குறைந்த உழைப்பு, அந்த உழைப்புக்குக் கூலியும் உண்டு என்பது எனக்கு ஆறுதல். அந்தக் கூலி சமைத்தவர் கைக்கே போனால் இன்னும் நல்லது. ஆகவே உணவகப் பலகையைவிட ஊரில் தெரிந்த கல்யாணச் சமையல்காரரையும், சேர்ந்து சமைத்து விற்கும் பெண்கள் குழுக்களையும் நாடுகிறேன். எல்லைக்கு அப்பால் கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பின் பெண்கள் இப்போது ஓணச் சத்யாவுக்கு முன்பதிவு எடுக்கிறார்கள். இப்புறத்திலும் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அப்படித் தொடங்கினால் முதல் முன்பதிவு எங்கள் வீட்டினுடையதாக இருக்கும்.

வாங்கத் தொடங்கினால் சமையலே மறந்துவிடும் என்ற அச்சம் மாமிக்கு இல்லை, எனக்கு உண்டு. என் மகள் இஞ்சிக்கறி வைத்ததில்லை. என் மகனுக்கு அவியலுக்கு முருங்கைக்காயை எந்த நேரத்தில் சேர்க்க வேண்டும் என்று தெரியாது. முழுச் சத்யாவையும் வெளியே சொல்லிவிட்டால் அவர்கள் அதை எங்கே கற்பார்கள்? முழுவதையும் வீட்டிலேயே வைத்தால், அந்த அவசரத்தில் அவர்களை அடுக்களைக்கு வெளியேதான் நிறுத்துகிறோம். வேலை ஓடும்போது கற்றுக்கொடுக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. பாதியை வாங்கியபோதுதான் எங்கள் வீட்டில் அவியலுக்குக் காய் அரிய மகனுக்கு இடமும் நேரமும் கிடைத்தன. அவன் அரிந்தது ஒரே அளவாக இல்லை. மாமி அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகத் திருத்தினார். காய் முழுவதும் அரிந்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று, அந்த ஒரு மணி நேரத்தை எங்களால் தர முடிந்தது.

இப்போது நாங்கள் செய்வது இது. இஞ்சிக்கறி, காளன், எரிசேரி, கூட்டுக்கறி, பிரதமன் ஆகிய ஐந்தையும் சமையல்காரரிடம் சொல்லிவிடுகிறோம். எட்டுப் பேருக்கு ஏறத்தாழ 1,500 ரூபாய் ஆகிறது. சோறு, பருப்பு, அவியல், துவரன், புளிசேரி, பப்படம் ஆகியவற்றை வீட்டில் வைக்கிறோம். அதற்கு ஆகும் செலவையும் சேர்த்தால் முழுப் பார்சலின் விலையை ஒட்டியே நிற்கிறது. சொல்லும்போது சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது: எத்தனை மணிக்கு இறக்குவார்கள், பதினொன்றரைக்குப் பிறகு வாங்கிக்கொள்ள முடியுமா, ஒரு ஆளுக்குப் பாயசம் எத்தனை மில்லி, முதல் பாலைத் தனியாகத் தருவார்களா, நம் பாத்திரத்தில் ஊற்றுவார்களா. இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் முன்பணம் கொடுக்கலாம். ஓண நாள்களின் தொடக்கமான அத்தம் பிறந்த பிறகு கேட்டால் நல்ல கைகள் ஏற்கெனவே நிறைந்திருக்கும். ஆடிக் கடைசியில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.